பதினான்காம் எண் மெஷின்

5 ஜூலை 1999, திங்கள்

மறுபடி ஆபீசுக்குப் போனேன். கம்பெனி பஸ்ஸில் நான் எப்போதும் உட்காரும் சீட்டு காலியாகவே இருந்தது. மைசூர் ஹெப்பாளில் இறங்கும்போது டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. யாருமே ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க மேடம், நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன்.

என் இடத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு ஜன்னலோரம், அங்கிருந்து ஹால் முழுவதும் தெரியும். இப்போது சர்வர் அறையை ஒட்டிய மூலை. எதிரே சுவர், பக்கத்தில் புதிதாக ஒரு பலகைத் தடுப்பு. அந்த மூலையில் இருந்த மாதேவி என் ஜன்னலுக்குப் போய்விட்டாள். "இங்கே ஏசி நல்லா வரும் மேடம், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. உங்க மெஷினைக்கூட இங்கேயே கொண்டுவந்து வெச்சுட்டோம்" என்றாள் சூப்பர்வைசர் வைஷாலி. ஆமாம், மானிட்டர் ஓரத்தில் நான் ஒட்டிய மேலுகோட்டை நரசிம்மர் இருந்தார். சரி என்றேன். எங்கே உட்கார்ந்தால் என்ன?

இதைத் தமிழில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது கன்னடம். அப்பாவுக்குச் சேலத்தில் வேலை இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனதால் எனக்கு மட்டும் தமிழ் எழுத்து தெரியும். மேசைமேல் திறந்துபோட்டு வைத்தாலும் என் வீட்டுக்காரர் ஹரியால் படிக்க முடியாது. பூட்டு வேண்டாம்.

6 ஜூலை

எழுந்தேன். போனேன். வந்தேன்.

9 ஜூலை, வெள்ளி

மானேஜர் மஞ்சுநாத் சார் கூப்பிட்டார். புதிதாக ஒரு ஆஸ்பத்திரி சேர்ந்ததிலிருந்து மதியம் லைன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதாம். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி டேப்பில் பேசுவதைக் கேட்டு, எங்கள் பெண்கள் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அதுதான் கம்பெனியின் பிழைப்பு. அந்தக் குரல்களெல்லாம் முதலில் பெங்களூர் பிராஞ்ச் சர்வருக்கு வரும். அங்கிருந்து ஒரே ஒரு வாடகை லைன் வழியாக இங்கே. அந்த லைன் ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் எவ்வளவு போகிறது, யாருடையது போகிறது என்று பார்ப்பது என் வேலை.

"நீங்க கறுப்பு ஸ்கிரீன்ல என்னதான் பார்க்கறீங்க?" என்று சார் கேட்டார். சொன்னேன். இந்தப் பக்கம் லைன் முடியும் பெட்டியின் பாஸ்வேர்டு பெங்களூர்க்காரர்களிடம் இருக்கிறது. அதனால் நான் இங்கிருந்தே டெல்நெட் என்ற புரோகிராம் வழியாக அவர்களுடைய லினக்ஸ் சர்வருக்குள் போவேன். ஒரு கட்டளை தட்டினால், லைனில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஒரு வரி ஓடும். எந்த மெஷினிலிருந்து, எந்த மெஷினுக்கு, எவ்வளவு. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவும் வழி உண்டு. படிக்க மாட்டேன். அது மற்றவர் தபாலைப் பிரிப்பது மாதிரி.

"ஓடட்டும், பாருங்க" என்றார்.

ஏப்ரலில் அந்தச் சர்வரில் எழுதி வைத்த கட்டளை அப்படியே இருந்தது. கடைசியில் "ஏழாம் எண்ணை விட்டுவிடு" என்று சேர்த்திருக்கிறேன். ஏழு என் மெஷின். பார்க்கிறவளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வரிகள் ஓடின. பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாக இருந்தது. நன்றாக என்றால் — ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

14 ஜூலை, புதன்

இன்று ஆஷாடம் பிறந்தது. ஆபீஸ் விட்டு வந்தபோது அம்மா, ஹரியின் அம்மா, பரணில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துணியை இழுத்து மூடினாள். தொட்டில் கயிறு. மூடினால் தெரியாதா?

"தளிகை ஆய்த்து, கை அலம்பிண்டு வா" என்றாள்.

பிறக்கும்போதே இல்லாமல் போன குழந்தைக்கு எங்களவர்கள் ஒன்றும் செய்வதில்லை. பெயர் இல்லை, காரியம் இல்லை, திதி இல்லை. பேச்சும் இல்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்து ஹரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஹரி பார்த்தார், அம்மா பார்த்தாள், நர்ஸ் பார்த்தாள். என்னிடம் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பெண்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. வர வேண்டுமா? ஒரு தடவை முயற்சிகூடச் செய்து பார்த்தேன், குளியலறையில். தண்ணீர்தான் வீணாயிற்று.

19 ஜூலை, திங்கள்

லைன் மந்தமாக இருந்தது போய் இப்போது படுத்தே விட்டது. மதியத்துக்கு மேல் வர வேண்டிய குரல்கள் சாயங்காலம் சொட்டுச் சொட்டாக வருகின்றன. பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் நான் பிரின்டர், பேக்கப் என்று அலையும்போதெல்லாம் லைன் சரியாகத்தான் இருக்கிறது. மதியம் நான் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தால் திணறல்.

தண்ணீர் பிடிக்கப் போனபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கன்னடத்தில் சொன்னது கேட்டது: "அவங்க வந்ததிலிருந்துதான் லைன் இப்படி." இன்னொருத்தி "ஷ்ஷ்" என்றாள்.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. எனக்குப் பதிலாக வேறு யாரையோ சொன்ன மாதிரி இருந்தது.

20 ஜூலை, செவ்வாய்

கிடைத்துவிட்டது. பதினான்கு.

லைனில் ஓடும் வரிகளில் முக்கால்வாசி பதினான்காம் எண் மெஷினுக்கும் பெங்களூர் சர்வருக்கும் நடுவில்தான். அதுவும் டெல்நெட். தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு டெல்நெட் எதற்கு? பெங்களூர் பிராஞ்ச் பையன்கள் அந்தச் சர்வரில் அரட்டை அடிக்க ஒரு புரோகிராம் போட்டிருப்பதாகக் கேள்வி.

பதினான்கு மாதேவி. மெஷின்களுக்கு எண் கொடுத்து ஸ்டிக்கர் ஒட்டியவளே நான்தான்.

மாதேவிக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி. கொள்ளேகாலில் பி.எஸ்.சி. படித்தவள். போன வருஷம் கல்யாணம் ஆகி இங்கே வந்தாள். ஆபீசில் என்னோடு தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வருவாள். "ஏனுங்க்கா, உங்கூட்டுப் புளியோதரை இன்னைக்கு இல்லீங்களா?" என்று உரிமையோடு கேட்டு எடுத்துக்கொள்வாள். நான் திரும்பி வந்த பிறகு ஒருநாள்கூட வரவில்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

மடியில் கனம் இருக்கிறவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

23 ஜூலை, ஆஷாட வெள்ளி

பாதி ஆபீஸ் சாமுண்டி மலைக்குப் போய்விட்டது. யு.பி.எஸ். பாட்டரி மாற்ற ஆள் வந்ததால் நான் மதியம் முழுக்கச் சர்வர் அறையில். லைனைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு நல்லா ஓடிச்சு மேடம்" என்றாள் வைஷாலி. கூட்டம் குறைவு, அதனால்தான் என்றேன்.

மாதேவி வந்திருந்தாள். நான் பார்க்காத நாளில் அவள் பேசவில்லையா? இல்லை, பேசி நான்தான் பார்க்கவில்லையா?

28 ஜூலை

தினமும் மதியம் அதே கதை. நான் பார்க்க உட்கார்ந்த உடனே பதினான்கு பேச ஆரம்பிக்கிறது. மூச்சு விடாமல் பேசுகிறது. யாரோடு இப்படி ஒருத்தியால் இவ்வளவு பேச முடியும்?

பொறாமையாக இருந்தது. எழுதிய பிறகுதான் தெரிகிறது, அது பொறாமைதான்.

3 ஆகஸ்ட், செவ்வாய்

அமெரிக்காவிலிருந்து மிரட்டல். இந்த மாதத்துக்குள் தாமதம் நிற்காவிட்டால் புது ஆஸ்பத்திரி வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடுமாம். சார் என் தடுப்புக்குள் வந்து நின்றுகொண்டே பேசினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்; இல்லை. "மேடம், ஒரு மாசமா பார்க்கறீங்க. யாருன்னு சொல்லுங்க. ஒரு பேர். அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

6 ஆகஸ்ட், வெள்ளி

சொல்லிவிட்டேன். பதினான்கு, மாதேவி, மதிய நேரம், பெங்களூரோடு டெல்நெட். நான்கு பக்கம் பிரின்ட் எடுத்து மேசைமேல் வைத்தேன். குரல் மாறவில்லை.

"கல்யாணமான பொண்ணு" என்றார் சார். "என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியாது சார், எவ்வளவுன்னுதான் தெரியும்" என்றேன். அவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

முதலில் நான் போய் அவளிடம் கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருக்க வேண்டும். எழுந்து ஜன்னல்வரை போக வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் உடம்பில் ஆள் இல்லை.

9 ஆகஸ்ட், திங்கள்

மாதேவியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சார் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே என்னைக் கூப்பிடவில்லை. வெளியே வந்தவள் மேசையிலிருந்து டப்பாவையும் சால்வையையும் எடுத்துக்கொண்டாள். போகும் வழியில் என் தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். நிழல் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லல மேடம், சும்மா நின்னா" என்று வைஷாலி பிறகு சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஆபீசுக்குள் சமாசாரத்துக்கு அதற்குள் கை கால் முளைத்துவிட்டது. பெங்களூரில் ஒரு பையனாம், பெயர்கூடச் சொல்கிறார்கள். கேட்டுக்கு வெளியே அவள் புருஷன் சென்னப்பன் ஃபாக்டரி யூனிஃபார்மோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை மாடியிலிருந்து பார்த்தேன். யார் சொல்லி அனுப்பினார்கள்? என்ன சொல்லி அனுப்பினார்கள்? அவள் பின்னால் ஏறி உட்காரவில்லை. இருவரும் நடந்தே போனார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது.

10 ஆகஸ்ட்

நாள் முழுக்கப் பேக்கப். லைனைப் பார்க்க நேரமில்லை. லைன் பறந்ததாம். சார் எல்லாருக்கும் காபி வரவழைத்தார்.

11 ஆகஸ்ட், புதன்

இன்று சாயங்காலம் கிரகணம். எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதியம் எனக்கு வேலை குறைவு. எல்லாம் சரியாகிவிட்டதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பெங்களூருக்குள் போய்க் கட்டளையைத் தட்டினேன்.

பதினான்கு பேசிக்கொண்டிருந்தது.

மாதேவி இல்லை. எட்டிப் பார்த்தேன், ஜன்னலோரத்தில் மானிட்டர் இருட்டாக இருந்தது, நாற்காலி காலி. இங்கே பதினான்கு மூச்சு விடாமல் ஓடுகிறது. ஹாலில் யாரோ "மறுபடி நின்னுடுச்சு மேடம்!" என்று கத்தினார்கள்.

எழுந்து போனேன். சர்வர் அறையில் எல்லா மெஷின்களின் கேபிளும் வந்து சேரும் பெட்டியில், பதினான்கு என்று நானே எழுதி ஒட்டிய கேபிளைக் கையில் பிடித்தேன். விளக்கு வெறிபிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கேபிளை விடாமல் சுவரோரமாக வந்தேன். அது ஜன்னல் பக்கம் போகவில்லை. கதவிடுக்கில் நுழைந்து, தடுப்புக்குக் கீழே புகுந்தது. முட்டி போட்டுத் தவழ்ந்தேன். புடவை முழுக்கத் தூசி. கேபிள் என் நாற்காலியின் கீழே போனது. என் செருப்பைத் தாண்டிப் போனது. என் மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் போய்ச் சேர்ந்தது. பெட்டியைத் திருப்பினேன். ஸ்டிக்கர்: 14.

மானிட்டரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நரசிம்மர் என்னோடு வந்தார். பெட்டி வரவில்லை.

நான் பார்க்கும் ஒவ்வொரு வரியும் பெங்களூரிலிருந்து இந்த லைன் வழியாகத்தானே என் ஸ்கிரீனுக்கு வருகிறது. வருவதே ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தைக் காட்ட ஒரு வரி. அந்த வரி வந்து சேர இன்னொரு பொட்டலம். சலூனில் எதிரும் புதிருமாக மாட்டிய கண்ணாடி மாதிரி முடிவே இல்லை. அது ஆகக் கூடாது என்றுதான் ஏழாம் எண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லி எழுதினேன். இப்போது நான் ஏழு இல்லை. பெங்களூர் சர்வரில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வார்த்தை தட்டிக் கேட்டிருந்தால் என் பெயரைச் சொல்லியிருக்கும். தட்டவில்லை. யாரென்று எனக்குத்தான் தெரியுமே!

லைனை அடைத்தது நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். வேறு எதுவும் இல்லை. அவங்க வந்ததிலிருந்துதான் லைன் இப்படி. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தரையில் உட்கார்ந்தபடியே வைஷாலியைக் கூப்பிட்டேன். "என் பெட்டியை ஏன் கொண்டுவரல? என்னை ஏன் இங்கே மாத்தினீங்க?" ஏசி, காற்று என்று ஆரம்பித்தாள். "வைஷாலி, நிஜத்தைச் சொல்லு." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். மாதேவி முழுகாமல் இருக்கிறாளாம். நான் லீவில் இருந்தபோது தெரிந்ததாம். நான் ஜன்னலோரத்தில் இருந்தால் நாள் முழுக்க அவள் என் கண்ணெதிரே இருப்பாள். "உங்களுக்கும் கஷ்டம், அவளுக்கும்..." என்று நிறுத்தினாள். அவளுக்கும் என்னவென்று நான் கேட்கவில்லை. அதற்குத்தான் பலகை. மானிட்டரைப் பார்த்தால் நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று பெட்டியை விட்டுவிட்டார்களாம். "நல்லவேளை, கிரகணத்தன்னிக்கு அவ வெளியே வர வேண்டாம்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள்.

என் முழங்கை எரிந்தது. தவழும்போது ஆணி கீறியிருக்கிறது. ரத்தம். வலித்தது. ரொம்ப வலித்தது.

12 ஆகஸ்ட், வியாழன்

சாரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார், அதுதான் மோசம். "சரி மேடம், தப்பு நடந்துபோச்சு. லைன் சரியாயிடுச்சு இல்ல? விட்டுடுங்க. அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டா பத்துப் பேர் பத்து விதமா பேசுவாங்க. எப்படியும் நாலு மாசத்துல நின்னுடுவா."

பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுவது என் நான்கு பக்கத்தால்தான். அந்தப் பேச்சு அவள் வீட்டு வாசல்வரை போயிருக்கும். சென்னப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த நடை கண்ணிலேயே நிற்கிறது.

"பத்துப் பேருக்கும் நானே காட்டறேன் சார்" என்றேன். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

13 ஆகஸ்ட், வெள்ளி

மதியம் எல்லாரையும் கூப்பிட்டேன். இருபது பேர் என் தடுப்பைச் சுற்றி நின்றார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் பலகையைப் பிடித்து நகர்த்தி வைத்தார்கள். யார் சொல்லியும் இல்லை.

"குரல் வந்துண்டிருக்கா?" என்றேன். வருகிறது என்றார்கள். கட்டளையைத் தட்டினேன். பதினான்கு, பதினான்கு, பதினான்கு என்று ஸ்கிரீன் கொட்டியது. "இப்போ?" "நின்னுடுச்சு." பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினேன். "மாதேவி எங்கே?" கட்டளையை நிறுத்தினேன். ஹாலின் அந்தக் கோடியில் ஒரு பெண் "வருது, வருது" என்றாள்.

"பெங்களூர்ல எந்தப் பையனும் இல்லே. அவ யாரோடவும் பேசலே. இத்தனை நாளும் இது நான். நான் வந்ததிலேர்ந்துதான் லைன் கெட்டது, நீங்க சொன்னது வாஸ்தவம். மாதேவி மேல பழி போட்டது நான்" என்று கன்னடத்தில் சொன்னேன். தண்ணீர்க் குழாய் பக்கம் அன்றைக்குப் பேசியவள் யார் என்று பார்க்க வேண்டியதே இல்லை. அவள்தான் முதலில் தலையைக் குனிந்தாள்.

சார் கதவருகே நின்றிருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு, "கூட்டிட்டு வாங்க. நான் போனா வர மாட்டா" என்றார்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

மேட்டகள்ளியில் ஒரே அறை வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். சென்னப்பன்தான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. "என்னங்க, இன்னும் என்ன பாக்கி?"

வாசலிலேயே நின்று சொன்னேன். கேபிள், ஸ்டிக்கர், மானிட்டர், எல்லாம். பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். "அவ மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது. ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்" என்றேன். "நானு அவள ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்றார். "ஊருதான் கேட்டுச்சு." பிறகு டீத்தூள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மாதேவி பாயில் உட்கார்ந்திருந்தாள். வயிறு கொஞ்சம் தெரிகிறது. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து வயிற்றை மறைத்தாள். உடனே, மறைத்ததற்கு வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"பதினான்கு உன் பெட்டி இல்லைன்னு உனக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியுமுங்க்கா. ஸ்டிக்கரு உங்க மேசைக்குக் கீழதான இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லலே?"

அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "சாரு பெங்களூர்ல ஆரோடயோ பேச்சுன்னு சொன்னாருங்க. சரி, அக்காதான் ஆருகிட்டயோ மனசு விட்டுப் பேசறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. அங்க ஆபீஸ்ல நாங்க ஒருத்தரும் உங்ககூடப் பேசலியே. அதையும் நானே காட்டிக் குடுக்கறதுங்களா?"

நான் பாயின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன்.

"எடத்த மாத்தச் சொன்னதே நானுதாங்க்கா" என்றாள். "மாமியா சொல்லுச்சு, கண்ணு பட்டுரும், பாத்து இருந்துக்கன்னு. வைஷாலி மேடத்துகிட்டப் போயி அழுதேனுங்க. உங்களச் செவுத்தப் பாத்து உக்கார வெச்சதுக்கு எனக்கு இது வேணுமுன்னுதான் பேசாம வந்துட்டேன்."

நான் அழுதேன். மே மாதத்திலிருந்து வராதது, யாரோ ஒருவர் வீட்டுப் பாயில், சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. நிறுத்த முடியவில்லை. மாதேவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் படும்படி. தள்ளி உட்காரு என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

16 ஆகஸ்ட்

மாதேவி வேலைக்கு வந்தாள். சார் அவளிடம் ஹாலில் வைத்தே மன்னிப்புக் கேட்டார், அரைகுறையாக. கட்டளையில் ஏழு என்பதை அழித்துப் பதினான்கு என்று மாற்றினேன். பிறகு யோசித்து, எந்த எண்ணும் வேண்டாம், டெல்நெட்டையே விட்டுவிடு என்று எழுதினேன். நாளைக்கு நான் எங்கே உட்காருவேனோ!

18 ஆகஸ்ட், புதன்

பலகைத் தடுப்பை யாரோ ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். மதியம் மாதேவி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். புளியோதரை இருந்தது. நிறைய எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "பாப்பா ஆராட்ட இருந்துச்சுங்க்கா?" என்றாள்.

சுற்றிலும் மூன்று நான்கு பேர் சட்டென்று நிமிர்ந்தார்கள். வைஷாலி அவளை முறைத்தாள். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி.

"தெரியாது. என்கிட்டே காட்டலே" என்றேன்.

"நீங்க கேக்கலீங்களா?"

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஹரி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஹரி, அவ யார் மாதிரி இருந்தா?"

அவர் டிவியை அணைத்தார். யார் என்று கேட்கவில்லை. "தலை நிறைய முடி" என்றார். "கறுகறுன்னு, ஈரமா ஒட்டிண்டு. நெத்தி அப்படியே உன்னோடது. நீ என்னிக்காவது கேப்பே, சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லே ஸுஷ்மா." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் சொல்லுங்கோ" என்றேன்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பேச்சை மாற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"விரல் நீள நீளமா இருந்தது" என்றாள். "வீணை வாசிக்கற விரல்."

அப்புறம் மூன்று பேரும் சாப்பிட உட்கார வெகுநேரமாயிற்று.